மணப்பாட்டுக் கடலில் போட்ட முடிச்சு

கண்ணு,

பதினோரு நாளாக நானும் நீயும் ஒரே வீட்டில் சோறு தின்கிறோம். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தூத்துக்குடியிலிருந்து உனக்குக் கப்பல் வேலைக்கு உத்தரவு வந்த அன்றைக்கு, "என் பொணத்தத் தாண்டிப் போடா" என்று தெரு கேட்கக் கத்தினேன். அதற்குப் பிறகு எனக்கும் வாய் வரவில்லை, உனக்கும் வரவில்லை. நீயும் என் பிள்ளைதானே, வீம்பு வேறு எங்கிருந்து வரும்! இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பனியன் கம்பெனிக்கு லீவு. மெஷின் சத்தம் இல்லாமல் காது அடைத்ததுபோல் இருக்கிறது. இருபது வருஷமாகக் கத்தரி பிடித்து நின்ற இதே கட்டிங் மேஜைமேல் காகிதத்தை விரித்து, பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சொல்லப்போகும் விஷயம் அதைவிடக் கோணல்.

முதலில் ஒரு பொய்யை உடைத்துவிடுகிறேன். உன் ஜாதகத்தில் நீர்க் கண்டம் இருக்கிறது, முப்பது வயது வரைக்கும் ஆறு, குளம், கிணறு எதிலும் கால் வைக்கக் கூடாது என்று ஜோசியர் சொன்னதாக உன்னை வளர்த்தேன் அல்லவா? எந்த ஜோசியரும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவன் நான். சிநேகிதப் பையன்கள் எல்லாம் ஐப்பசி மழைக்கு நிரம்பின கிணற்றில் குதித்துக் கும்மாளம் போடும்போது, நீ மேட்டில் உட்கார்ந்து அவர்கள் சட்டைக்குக் காவல் இருந்தாய். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று நிம்மதியாகக் கம்பெனிக்குப் போயிருக்கிறேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பதினான்கு வருஷம் நின்றது.

அதை உன் அம்மாதான் முந்தாநாள் மத்தியானம் சாய்த்துப் போட்டாள். எனக்குச் சோறு போட்டு, ரசம் ஊற்றி, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்தாள். பிரித்தேன். பழுத்துப்போன பனியன் துணியில் ஒரு வளையம். அதில் ஒரு முடிச்சு. முடிச்சுக்கு ஒரு பக்கம் கத்தியால் அறுத்த நுனி. "பையனோட பொட்டியில இதையும் வெச்சு அனுப்பட்டுமாங்க?" என்றாள். "இது ஏது உன்கிட்ட?" என்று கேட்டேன். "அன்னிக்கு உங்க வேட்டிய நாந்தானுங்க தொவச்சேன். மடியில இருந்துதுங்க" என்றாள். பதினான்கு வருஷம், கண்ணு! பெட்டியின் அடியில் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் என்னோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

பனியன் வேஸ்ட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், இந்தக் கதையில் அதற்குத்தான் முக்கிய வேலை. வெட்டும்போது ஓரத்தில் விழும் துணியை நீளமாகக் கிழித்து ஓர் இழுப்பு இழுத்தால், தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். நம் ஊரில் எல்லாவற்றையும் அதில்தான் கட்டுகிறோம். பண்டலைக் கட்டுவது, சைக்கிள் கேரியரில் சோற்றுத் தூக்குப்போசியைக் கட்டுவது, ஆடிக்காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் கட்டுவது, எல்லாம் அதுதான். இழுத்தால் நீளும், அறாது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். நனைந்துவிட்டால் அப்புறம் அவிழ்க்கவே முடியாது, கத்தரிதான் வேண்டும். இவ்வளவும் எனக்கு ஊரில் தெரியும். கடலில் தெரியாமல் போய்விட்டது.

உனக்கு ஒன்பது வயது. அந்த வருஷம் டைபாய்டு வந்து நீ இருபத்தொரு நாள் கிடந்தாய். இரண்டு தடவை கைவிட்டுப் போய்த் திரும்பி வந்தாய். பிள்ளை பிழைத்தால் திருச்செந்தூரில் மொட்டை போடுகிறோம் என்று உன் அம்மா முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். மாசியில் புறப்பட்டோம். நான், அவள், நீ, மூலனூரிலிருந்து உன் மாமன். அவிநாசிபாளையம், தாராபுரம் என்று பஸ் மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆனது. மறுநாள் விடியலில் மொட்டை, சாமி தரிசனம் எல்லாம் முடிந்து, தலையில் சந்தனத்தோடு நீ மணலில் நின்று முதல்முறையாகக் கடலைப் பார்த்தாய். "இதுக்கு அந்தப் பக்கம் கரை எங்கீங்கப்பா?" என்று கேட்டாய். எனக்கு மட்டும் தெரியுமா? நானும் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கரையில் ஒருவர் கட்டுமரத்தைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிய சின்ன மரம். அவர் பேர் சிலுவை. என் வயதுதான் இருக்கும். மீனை இறக்கிவிட்டுத் தெற்கே சொந்த ஊரான மணப்பாட்டுக்குத் திரும்புகிறார். மணப்பாடு பார்க்க வேண்டிய இடம், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் குன்று, அதன் உச்சியில் மாதாகோயில் என்று சத்திரத்தில் கேள்விப்பட்டிருந்தோம். நீ அந்த மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். எனக்கு ஆசை வந்துவிட்டது. உன் மாமன் வேறு சும்மா இருக்காமல், "மச்சானுக்குக் கத்தரி புடிக்கத்தானுங்க தெரியும், துடுப்பெல்லாம் ஆகுமுங்களா?" என்று சிரித்தான். அவ்வளவுதான். அறுபதடிக் கிணற்றில் தலைகீழாகக் குதிப்பவன் நான், என்னிடமா! என்று வரிந்துகட்டிக்கொண்டேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனை நீ நேரில் பார்க்க வேண்டுமானால் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

சிலுவை ஒத்துக்கொள்ளவில்லை. "நீரு வாரும் அண்ணாச்சி. பிள்ளை வேண்டாம். கடல் ஒரு மாதிரி கெடக்கு" என்றார். விடுவேனா? பையில் கம்பெனிப் பனியன் நான்கு வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து அங்கேயே அவருக்குப் போட்டுவிட்டேன். மனுஷர் கூச்சப்பட்டுச் சிரித்தார். உன் அம்மாவும் மாமனும் பஸ்ஸில் மணப்பாட்டுக்கு வந்துவிடுவது, நாம் கடல் வழியாகப் போய்ச் சேர்வது என்று முடிவாயிற்று. "ஏனுங்க, வேண்டாமுங்க, இப்பத்தான் பொழச்சு எந்திரிச்சான்" என்று உன் அம்மா என் கையைப் பிடித்தாள். நான் கையை உதறினேன்.

ஏறும்போதே சிலுவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பிள்ளை இந்தக் கயித்தக் கையால புடிச்சிட்டு உக்காரட்டும். இடுப்புலயோ கால்லயோ கட்டிப்போடாதேயும். மரம் கவுந்தா பயமில்ல, புரட்டி ஏறிக்கிடலாம். கட்டிக் கெடந்தா ஆளு மரத்துக்கு அடியில போயிரும்." சரி சரி என்றேன். அவர் பின்னால், நான் நடுவில், எனக்கு முன்னால் நீ. எனக்கும் அவருக்கும் ஆளுக்கொரு துடுப்பு. அலையைத் தாண்டும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. தாண்டிய பிறகு, அடடா, என்ன சொல்ல! கோபுரம் பின்னால் குட்டியாகிக்கொண்டே போனது. வலப்பக்கம் செக்கச் செவேலென்று மணல்மேடு, அதில் வரிசையாகப் பனை. ஊருக்கு ஊர் வெள்ளை மாதாகோயில். ஆள் நீளத்தில், ஓங்கல் என்று சிலுவை சொன்ன டால்பின் மீன்கள் நமக்குப் பக்கத்திலேயே துள்ளித் துள்ளி வந்தன. நீ கைதட்டினாய். நோய்க்குப் பிறகு நீ சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது, ஆனாலும் துடுப்பை விடவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை யார் வந்து கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன். பின்னால் நடந்ததையெல்லாம் தெரிந்துகொண்டும் சொல்கிறேன்.

குலசேகரன்பட்டினத்தைத் தாண்டியபோது புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றோம். பொட்டலத்தைக் கட்டியிருந்த வேஸ்ட் துணி என் கையில் இருந்தது. அதிகாலையில் எழுந்த களைப்பு, வெயில், மரத்தின் ஆட்டம், எல்லாம் சேர்ந்து நீ துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு என் முழங்காலில் சாய்ந்து தூங்கிப்போனாய். கயிற்றைப் பிடித்திருந்த உன் கை நழுவியது. ஓர் அலை வந்து உன் இடுப்பு வரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. இருபத்தொரு நாள் உன் மூக்கருகில் விரல் வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்குப் பயம் வந்துவிட்டது. உன்னை எழுப்பியிருக்கலாம். சிலுவையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால், அவருக்குத் தெரியாமல் என் முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு, உன் சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி அந்தத் துணியைக் கட்டினேன். மறு நுனியை மரத்தின் கயிற்றில் கட்டினேன். இரண்டும் பண்டலுக்குப் போடும் முடிச்சு. இழுத்துப் பார்த்தேன், சிக்கென்று இருந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது.

அப்படியே போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. மணப்பாட்டுக் குன்று வந்தது. உச்சியில் கோயில், அடியில் பாறை, பாறையில் மோதி வெள்ளையாக எழும்பும் தண்ணீர். சிலுவை, "வெலகிப் போவோம் அண்ணாச்சி, பாறைல பட்ட அலை திரும்பி வரும். துடுப்ப எடுத்து மேல வையும்" என்றார். எனக்கோ உன்னை எழுப்பி அதைப் பக்கத்தில் காட்ட வேண்டும். "ரண்டு போடு போட்டாப் பக்கத்துல போயிரலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் அழுத்திப் போட்டேன். மரம் குறுக்கே திரும்பியது. "வேண்டாம்வே!" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. அடுத்த நொடி வானம் இல்லை.

மேலே வந்து மரத்தைப் பிடித்துக்கொண்டேன். மரம் குப்புறக் கிடந்தது. அறுபதடிக் கிணற்றில் குதித்தவனுக்கு ஒரு கை நீச்சல் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், இது ஆளைத் தூக்கி அடிக்கிறது. சிலுவை மறுபக்கம் தலையைத் தூக்கி, "பிள்ளை எங்க?" என்று கேட்டார். அலையைப் பார்த்தார். பாறைப் பக்கம் பார்த்தார். நீ தெறித்துப்போய் அங்கே விழுந்திருப்பாய் என்று நினைத்து, பாறையை நோக்கி முங்கினார். எழுந்தார். மறுபடியும் முங்கினார்.

நான் சொல்ல வேண்டியதை இப்போது சொல்லிவிடுகிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் பிடித்திருந்த மரத்துக்கு அடியில், என் நெஞ்சுக்குக் கீழே இருந்தாய். வாயைத் திறந்து 'கட்டியிருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. வாயில் தண்ணீர் போய்விட்டது என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் இல்லை, வெட்கம். கட்டாதே என்று சொன்ன மனுஷரிடம் கட்டிவிட்டேன் என்று சொல்ல வெட்கம். அவர் இரண்டு தடவை முங்கி எழும் நேரம், நான் பெற்ற பிள்ளையை என் மானத்துக்காகத் தண்ணீருக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் தடவை அவர் முங்கப் போனபோது மரத்துக்கு அடியில் ஏதோ என் காலில் உதைத்தது. உன் கால். அப்போதுதான் அலறினேன். "அடியில! கட்டியிருக்கேனுங்க! அடியில!"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு உள்ளே போனார். ஊறின முடிச்சு அவிழுமா? அறுத்தார். மரம் ஆடிய ஆட்டத்தில் கத்தி அவர் இடது கையிலும் இறங்கிவிட்டது. உன்னைத் தூக்கி மேலே போட்டபோது நீ நீலமாக இருந்தாய். மரத்தின்மேல் குப்புறக் கிடத்தி முதுகை அமுக்கினார், அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் முருகா முருகா என்று கத்தினேன். அவர் மாதாவே மாதாவே என்றார். நீ தண்ணீரைக் கக்கி, இருமி, அழுதாய்.

கரை சேர்வதற்குள் இன்னொரு வேலை செய்தேன். உன் இடுப்பில் மிச்சமிருந்த வளையத்தைக் கால் வழியாக உருவி, மடியில் சொருகிக்கொண்டேன். சிலுவை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மணலில் உன் அம்மா ஓடி வந்து உன்னை வாரிக்கொண்டாள். உன் மாமன், "என்ன கண்ணு ஆச்சு?" என்று கேட்டான். நீ நடுங்கிக்கொண்டே, "தண்ணிக்குள்ள என் இடுப்பப் புடிச்சு இழுத்தாங்க மாமா, மேல வர உடலீங்க" என்றாய். உனக்கு அப்படித்தானே தெரிந்திருக்கும்! உன் மாமன் திரும்பிப் பார்த்தான். கையில் கத்தியும் பனியன் முழுக்க ரத்தமுமாகச் சிலுவை நின்றார். நான் போட்டுவிட்ட பனியன். "ஏண்டா, பொழைக்கறதுக்குப் பையனையா புடிச்சு அமுக்கினே?" என்று கேட்டு ஓங்கி அறைந்தான். இரண்டாவது அறையும் விழுந்தது. நான் மூன்றடி தள்ளி நின்றேன். என் மடியில் அந்த வளையம் ஈரமாக வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை, கண்ணு. இரண்டாம் முறையும் திறக்கவில்லை.

சிலுவை திருப்பி அடிக்கவில்லை. அவருடைய ஊர், அவருடைய கரை. ஒரு குரல் கொடுத்திருந்தால் நாங்கள் முழுசாகத் திரும்பியிருக்க மாட்டோம். என்னையே பார்த்தார், நான் பேசுவேன் என்று காத்திருந்தார். பேசமாட்டேன் என்று தெரிந்ததும், "பிள்ளைக்கு நீச்சல் படிச்சுக் குடும் அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார்.

நான் படித்துக் கொடுத்தேனா? பெரிய மனுஷன், ஜாதகத்தைக் கொடுத்தேன். நீ தண்ணீரில் இறங்கினால், என்றைக்காவது உனக்கு அந்த நாள் முழுசாக நினைவு வந்துவிடும் என்று பயந்தேன். உன் உயிருக்குப் பயந்ததுபோல் எனக்கே நடித்துக்கொண்டேன். தூக்கத்தில் நீ இடுப்பைத் தடவிக்கொண்டு எழுந்து அழுதபோதெல்லாம் தாயத்து வாங்கிக் கட்டினேன். அப்போதும் கட்டத்தான் தெரிந்தது எனக்கு.

முந்தாநாள் உன் அம்மாவிடம், "தெரிஞ்சிருந்தும் ஏன் கேக்கலே?" என்றேன். "கேட்டு என்னங்க ஆகும்? பனியன் வேஸ்ட்டுல முடிச்சுப் போடறதுக்கு அந்தக் கடல்ல வேற யாருங்க இருந்தாங்க? அதான் நாஞ் செய்யறதச் செஞ்சேனுங்க" என்றாள். என்ன செய்தாள் என்று அப்போதுதான் சொன்னாள். ஒவ்வொரு கோடை லீவுக்கும் உன்னை மூலனூருக்கு அனுப்பினாளே, மாமன் தோட்டத்துக் கிணற்றுக்கு! தன் தம்பியிடம் அந்த வளையத்தைக் காட்டி, யாரை அறைந்தாய் என்று தெரிந்துகொள் என்று சொல்லி, அவன் கையாலேயே உனக்கு நீச்சல் பழக்கவைத்திருக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து இத்தனை வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். கோபம் வந்திருக்க வேண்டும். மாறாக, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஒன்றே ஒன்று சொல்கிறேன். கப்பலில் நீ தப்புச் செய்வாய், எல்லோரும்தான் செய்கிறோம். செய்தால் அந்த நொடியே வாய்விட்டுச் சொல்லிவிடு. யாராவது உன்னைத் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். உன் மானம் இரண்டு மூச்சு நேரம் காத்திருக்கும், தண்ணீருக்கு அடியில் இருப்பவன் காத்திருக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நானும் வருகிறேன். உன்னைத் தடுக்க வரவில்லை, பயப்படாதே. தூத்துக்குடியில் நீ இறங்கிக்கொள். நான் அப்படியே திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு வரைக்கும் போகிறேன். அவர் இருக்கிறாரோ இல்லையோ, இருந்தால் அந்த இடது கை வலை இழுக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்த வளையத்தை உன் பெட்டியில் வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அது என் மடியில்தான் வர வேண்டும். ஊர்க்காரர்கள் நாலு பேர் இருக்கும்போது, அதே மணலில் நின்று, கட்டியது நான், கவிழ்த்தது நான் என்று சொல்லப்போகிறேன். அறைந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றுதான் யோசனையாக இருக்கிறது. பிள்ளைக்கு நீச்சல் படித்துக் கொடுத்தீரா என்று அவர் கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். பொய் சொல்லப் போவதில்லை. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, உம்மை அறைந்த அவன் மாமன்தான் பழக்கினான், இப்போது கப்பலில் இருக்கிறான் என்று சொல்கிறேன்.

அப்பா